ராஜதுரையின் போனுக்கு வந்த சம்மதம்

ராஜதுரைக்குப் பொறாமை. பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லிளித்த கடைக்காரன் மேல் என்றாலும் ஊரில் நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள். இவன் பொறாமைப்பட்டது கள்ளக்குறிச்சியில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தலை பாதி நரைத்த ஒரு அம்மாள் மேல். வெளியே சொன்னால் மலைமேல் கரியாலூர் டீக்கடையில் அவனை வைத்தே ஒரு மாசம் ஓட்டுவார்கள். அதனால் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கினான்.

அந்த அம்மாள் பெயர் கோகிலவாணி. ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மையத்தில், மனசு சரியில்லாதவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுப்பவர். ராஜதுரையின் மனைவி நர்மதா வியாழக்கிழமைதோறும் அவரிடம் போய், கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வருவாள்.

மாசி மாதம் அவர்களுடைய முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. அப்படிப் பிறந்ததின் முகத்தைத் தகப்பன் பார்க்கக் கூடாது, பார்த்தால் அடுத்தது தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். துண்டில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வாங்கிப் போய், சாமைக் கொல்லை ஓரத்தில் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தான் ராஜதுரை. அன்றைக்கு வாயை மூடியவள்தான் நர்மதா. சோறு வைக்கட்டுமா, கரண்டு போச்சு, இந்த மாதிரி பேச்சு மட்டும்தான் மிச்சம். தூக்கமும் போய்விட்டது. ஊருக்கு வரும் நர்ஸம்மாதான் கவுன்சிலிங்குக்கு அனுப்பிவைத்தார்.

ராஜதுரை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் இறக்குவான். வியாழக்கிழமை லோடோடு நர்மதாவையும் முன்சீட்டில் உட்கார வைத்து, மலை இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கூட்டிக்கொண்டு போவான். வழி முழுக்க அவள் வாயில் கொழுக்கட்டை. மையத்துக்குள் போனால் மட்டும் பேச்சு முடியவே முடியாது. வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும்.

"இன்னா பேசின?"

"சும்மாதான் மாமா."

சும்மா பேசவா இவ்வளவு நேரம்? வேளாவேளைக்கு என்னோடு சாப்பிடுகிறவள், என் பக்கத்தில் படுக்கிறவள், தன் மனசை எடுத்துப்போய் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொட்டுகிறாளே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. தான் உட்கார்ந்து கேட்டோமா என்று ஒரு தடவைகூட அவன் யோசிக்கவில்லை. பொறாமைக்காரனுக்கு அடுத்தவர் இலைதான் கண்ணில் படும்.

ஒரு வியாழக்கிழமை கோகிலவாணி புதிதாக ஒன்றைச் சொன்னார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த ராஜதுரைக்கும் கேட்டது.

"நான் குனிஞ்சு எழுதிக்கினே இருந்தா உன் மொகத்த பாக்க முடியல நர்மதா. இந்த மிஷின் நம்ம பேச்ச கேட்டு அதுவே எழுதிக்கும். ஏஐன்றாங்கல்ல, அது. நான் அப்புறம் சரிபாத்துக்குவேன். உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தான். இல்லன்னா பழையபடி நானே எழுதிக்கறேன்."

"வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல மேடம்?"

"நானும் நீயும்தான்."

"அப்ப சரிங்க மேடம்."

"நீ குடுத்த நம்பருக்கு ஓடிபி வரும். அதச் சொன்னா நீ சம்மதிச்சதா அர்த்தம்."

நர்மதாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. ஆனால் ரேஷன் கடையோ, கேஸ் ஏஜென்சியோ, ஆஸ்பத்திரியோ, எங்கே நம்பர் கேட்டாலும் அவள் வாயில் வருவது புருஷன் நம்பர்தான். மலையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அப்படித்தான். சொந்த நம்பர் பாதிப் பேருக்கு மனப்பாடமே கிடையாது. மையத்திலும் அவள் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். ஆகவே சம்மதம் கேட்டு வந்த செய்தி ராஜதுரையின் சட்டைப்பையில் வந்து விழுந்தது.

எடுத்துப் படித்தான். "நர்மதா அவர்களின் ஆலோசனையைப் பதிவு செய்யச் சம்மதம் தர, இந்த எண்ணைப் பகிரவும். ஒவ்வொரு அமர்வின் சுருக்கமும் இதே கைப்பேசிக்கு அனுப்பப்படும்." இரண்டாவது வரியை இன்னொரு தடவை படித்தான்.

நர்மதா கதவருகில் வந்து தலையை நீட்டினாள். "மாமா, ஓடிபி வந்துச்சா?"

கேஸ் சிலிண்டருக்குச் சொல்வதுபோலவே சொன்னான். இரண்டாவது வரியை மட்டும் சொல்லவில்லை. கேட்டது ஓடிபி, கொடுத்தாயிற்று. கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று தன் வழக்குக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான்.

மில்லில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது முதல் சுருக்கம் வந்தது, அமுக்கினால் திறக்கும் லிங்க்காக. மிஷின் அவளைப் 'பயனாளி' என்றது. "கணவர் வண்டியில் சத்தமாகப் பாட்டு வைப்பது தலைவலி தருவதாகவும், அதைச் சொல்லத் தயங்குவதாகவும் பயனாளி தெரிவித்தார்." ராஜதுரைக்குக் கோபம் வந்தது. பாட்டு பிடிக்கவில்லை என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்லக் கூடாதா? ஆனாலும் அடுத்த வாரம் பாட்டை நிறுத்திவிட்டான். அதற்கடுத்த சுருக்கத்தில், மாமியார் குறை சொல்ல ஆரம்பித்தால் கணவர் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று இருந்தது. அடுத்த முறை அவன் அம்மா பேச்சை எடுத்தபோது, எழுந்திருக்காமல் உட்கார்ந்து, "போதும்மா, வுடு" என்றான். நர்மதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மாசிக்குப் பிறகு அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரச் சுருக்கம் வந்தது. "தான் சொல்லாமலே கணவர் புரிந்துகொள்வதாகப் பயனாளி வியப்புடன் தெரிவித்தார்." ராஜதுரைக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சைத் தாளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்துவிட்டு முதல் மார்க் எடுத்த பையன்கூட இவ்வளவு நெஞ்சை நிமிர்த்த மாட்டான். ஆனால் பொறாமை கம்மியாகவில்லை. என்னைப் புகழ்வதைக்கூட அந்த அம்மாளிடம்தானே சொல்கிறாள் என்று அதற்கும் வயிறெரிந்தான்.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை. மில் வாசலில் கிழங்கு இறங்கிக்கொண்டிருந்தது. ராஜதுரை வண்டி நிழலில் குந்தி போனைப் பார்த்தான்.

"பார்க்க வேண்டாம் என்று தடுத்தும், இறந்து பிறந்த குழந்தையின் முகத்தைத் தான் பார்த்துவிட்டதாகப் பயனாளி முதன்முறையாகப் பகிர்ந்தார். குழந்தையின் இடது காதோரம், கணவருக்கு இருப்பதைப் போன்றே சிறு துளை இருந்ததாகக் கூறி நீண்ட நேரம் அழுதார். இதை வேறு எவரிடமும் சொன்னதில்லை என்றார்."

அவன் கை தானாக இடது காதுக்குப் போனது. பிறக்கும்போதே இருந்த துளை அது, ஊசியால் குத்தியது மாதிரி. அதை யாரும் கவனித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தான். பிள்ளையைச் சுமந்துபோய்ப் புதைத்தவன் அவன். முகம் தெரியாமல் புதைத்தான். அந்த முகம் இத்தனை நாளும் இவளிடம் இருந்திருக்கிறது. இவள் அதை அந்தக் கண்ணாடிக்காரியிடம் கொடுத்துவிட்டாள். ஒரு மிஷினுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை. அழுகை வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் அடக்கிப் பார்த்தான். நர்மதா சாமைச் சோறு போட்டு, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா மாமா?" என்று வழக்கத்தைவிடப் பிரியமாகவே கேட்டாள். அந்தப் பிரியம்தான் அவனைக் கிளப்பிவிட்டது.

"அந்தப் பொம்பளகிட்ட சொல்லத் தெரியுது, பெத்தவங்கிட்ட சொல்லத் தெரியலியா? என் காது மாரியே அவனுக்கும் இருந்துச்சின்னு எனுக்குச் சொன்னா கொறஞ்சா பூடுவ?"

நர்மதாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"உனுக்கு யாரு சொன்னாங்க?"

அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தான்.

"மேடமா சொன்னாங்க?"

தலையை ஆட்டினால் போதும். அந்த அம்மாளின் கதவு இவளுக்கு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு பேச வேண்டுமென்றால் இவள் தன்னிடம்தானே வர வேண்டும்? யோசிக்க நேரமே எடுக்கவில்லை. ராஜதுரை தலையை ஆட்டினான்.

நர்மதா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்த வாரம் முழுக்க, சோறு வைக்கட்டுமா என்று கேட்கக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் போகமாட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க, வியாழக்கிழமை காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

"அதான் வேணாம்னு ஆயிடுச்சே, எதுக்குப் போய்க்கினு?"

"மூஞ்சிக்கி நேரா ஒரு வார்த்த கேக்கணும்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. வண்டி ரிப்பேர் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தான், கிழங்கு ஏற்றியாகிவிட்டது.

மையத்தில் அவள் தனியாக உள்ளே போகவில்லை. "நீயும் வா மாமா" என்றாள். கோகிலவாணி சிரித்துக்கொண்டே எழுந்தார். நர்மதா உட்காரவில்லை.

"கொழந்த காதப் பத்தி நான் சொன்னத இவருகிட்ட ஏன் மேடம் சொன்னீங்க?"

கோகிலவாணியின் சிரிப்பு அணைந்தது. "நானா? நான் இவருகிட்ட பேசினதே இல்லியேம்மா." நர்மதாவையும் ராஜதுரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எதுவோ தோன்றியவர் போலக் கம்ப்யூட்டரைத் திருப்பினார். "ஒவ்வொரு தடவையும் சுருக்கம் உனக்குத்தான வருது? நீ படிக்கிறன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன்."

"எனக்கு எதுவும் வரலியே."

கோகிலவாணி திரையிலிருந்த நம்பரைப் படித்தார். பாதி படிப்பதற்குள் மிச்சத்தை நர்மதாவே சொன்னாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது.

ராஜதுரை தரையைப் பார்த்தான்.

"என் தப்பு" என்றார் கோகிலவாணி. "உன் போன இவரு வச்சிருக்காருன்னு நெனச்சிட்டேன். யாரு நம்பர்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். உன் சம்மதம்னு நெனச்சி இவரு சம்மதத்த வாங்கிட்டேன்."

"எல்லாத்தயும் அழிச்சிடுங்க மேடம்."

"அழிச்சிடறேன். இவரு போன்ல தொறந்தாலும் ஒண்ணும் வராது. ஆனா..." அவர் நிறுத்தினார். "அதுக்கும் ஓடிபி கேக்குது."

ராஜதுரையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நர்மதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைப் பார்த்தாள். கைகூட நீட்டவில்லை. தன் பேச்சை அழிக்கவும் அவள் இவனைத்தான் கேட்க வேண்டியிருந்தது, அதை அவள் கேட்கவில்லை.

போனை எடுத்தான். இதைச் சொன்னால் அவளுடைய பேச்சு அவனை விட்டுப் போய்விடும். அந்தக் காதும் போய்விடும். தன் பிள்ளையைப் பற்றி உலகத்தில் அவனிடம் இருந்தது அந்த ஒரு வரிதான், அதுவும் திருடியது. ஓடிபியைச் சொன்னான். கோகிலவாணி தட்டினார். போனில் பழைய செய்தியை அவன் அமுக்கிப் பார்த்தான். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது.

நர்மதா இடுப்பிலிருந்த பட்டன் போனை எடுத்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் தன் நம்பரை மெதுவாகப் படித்துக் காட்டினாள். "இத எழுதிக்கங்க. மிஷின் வேணாம் மேடம். இன்னிக்கிப் பேச்சும் வேணாம். அடுத்த வாரம் நானே வர்றேன்."

மில்லில் கிழங்கை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அணைக்கு மேலே முதல் வளைவு திரும்பும்போது ராஜதுரை ஆரம்பித்தான்.

"நான் கேட்டிருந்தா எனுக்குச் சொல்லியிருப்ப இல்ல?"

ஆமாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தான். அப்படிச் சொல்லிவிட்டால், கேட்காமல் போனதுதான் தப்பு என்று ஆகிவிடும், அதைத் திருத்திக்கொள்ளலாம்.

"மாட்டேன்" என்றாள் நர்மதா. "மொதல்ல, நீ தாங்க மாட்டன்னு சொல்லல. பாக்காம பொதச்சிட்டு வந்தவன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம் அதுவும் இல்ல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் மாமா. யாருகிட்ட குடுக்கணும்னு நான்தான சொல்லணும்?"

அவன் கியரை மாற்றினான். வண்டி முக்கிக்கொண்டு ஏறியது.

அடுத்த வியாழக்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். அவன் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது முன்னால் அதே பஸ் போய்க்கொண்டிருந்தது. மலைப்பாதையில் ஒதுங்க இடமில்லை. பஸ்ஸின் பின்னாலேயே உருண்டு வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலோரம் நர்மதா தெரிந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் பார்த்ததே இல்லை. வயிறு பற்றி எரிந்தது. யார் அவள், அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நர்மதா இறங்கியபோது அவன் வண்டியும் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் என்ன கேட்கப்போகிறான் என்று ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள்.

"பாத்து ரோட்ட தாண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ராஜதுரை வண்டியை மில் பக்கம் திருப்பினான்.