மடித்துணிக் கம்பி

ஸ்ரீவராகம் தெருவுக்கு ரேடியோ வாங்கியது யுத்தத்துக்காக. சிங்கப்பூர் விழுந்தாயிற்று, கொழும்பில் குண்டு போட்டாயிற்று, அடுத்தது நம்மூர்ச் சங்குமுகம் கடற்கரைதான் என்று ஊரே கதிகலங்கிக் கிடந்த நாற்பத்திரண்டாம் வருஷம். ஆபத்துக் காலத்தில் சேதி கேட்கத் தெருவுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கமிட்டி கூடியது. பிரசிடெண்டு, ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை ஆபீசிலிருந்து பென்ஷன் ஆன தாணுவையர்.

ஜெயலக்ஷ்மிக்கு ஆபத்து ஏற்கெனவே வந்தாயிற்று. அவள் புருஷன் நாகேஸ்வரன் சிங்கப்பூரில் ரப்பர் கம்பெனி குமாஸ்தா. அவளைப் பிரசவத்துக்குக் கப்பலேற்றி அனுப்பினவன். ஊர் விழுந்தபின் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கிறானா, இல்லையா? தெருவில் சில பேர் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

வசூலான தொகைக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பார்க்க லட்சணமில்லாத ஒரு பெட்டியும் அதற்கென்று கம்பம், ஏரியல் கம்பி எல்லாமும். இல்லையென்றால் தேக்குமரத்தில் பாலீஷ் போட்ட பெரிய பெட்டி மட்டும். ஜெயலக்ஷ்மி கதவோரம் நின்று வாயைத் திறந்தாள்.

“பெட்டி எப்படி இருந்தாலும் போறும் மாமா. தூரத்து ஸ்டேஷனைப் பிடிக்கறது கம்பியாக்கும். தனியாக் கம்பம் நட்டு, பீங்கான் குமிழ் வச்சு, ஒண்ணும் மேலே படாமக் கட்டணும். சிங்கப்பூர்ல எங்காத்துல அப்படித்தான் கட்டியிருந்தோம்.”

“கேட்டேளா ஓய், ஜெயலக்ஷ்மி நமக்கு க்ளாஸ் எடுக்கறா!” என்றார் தாணுவையர். கமிட்டி சிரித்தது. என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? அந்தக் கூட்டத்தில் ரேடியோவைத் தொட்டுத் திருப்பியவள் அவள் ஒருத்திதான்.

வந்தது தேக்குப் பெட்டி. முகப்பில் பட்டுத்துணி, நடுவில் பச்சையாக எரியும் ஒரு கண். அதைத் தாணுவையர் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். கம்பிக்கு?

“எங்காத்து மாடியில நீளமா ஒரு கம்பி இருக்கே, அது மதி, அதுவே போறும்” என்றார் தாணுவையர்.

அது அவர் மனைவி பாகீரதி மாமி மடித்துணி உலர்த்தும் கம்பி. அதில் கிடக்கும் புடவையை, மறுநாள் குளித்துவிட்டு மாமி எடுத்து உடுத்தும்வரை எந்தக் கையும் தொடக்கூடாது. “துணி கிடந்தா தூரத்து ஸ்டேஷன் கேக்காது மாமா” என்று ஜெயலக்ஷ்மி தலைபாடாக அடித்துக்கொண்டாள். திருச்சிக் கச்சேரி கணீரென்று கேட்டது; அதுவே போதும் என்று அவர்கள் தலையாட்டி ரசித்தார்கள். ஆபத்துக்கு வாங்கிய பெட்டியில் ஆலாபனை!

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த சமயம். கரமனையில் சொந்த ரேடியோ வைத்திருந்த வக்கீல் ஒருவர் வெளியூர் கிளம்பும் வழியில் சேதி சொல்லிவிட்டுப் போனார்: நாளைச் சாயங்காலம் சிங்கப்பூர் ஸ்டேஷனில், அங்கே உயிரோடிருக்கும் திருவிதாங்கூர்க்காரர்களின் பெயரைத் தமிழில் வாசிக்கப்போகிறார்களாம். மறுநாள் விடிந்ததும் ஜெயலக்ஷ்மி ஓடினாள்.

“மாமி, இன்னிக்கு ஒரு நாள் மாடியில துணி போடாதேங்கோ.”

“சரிடி, சரி. எனக்குத் தெரியாதா?”

சாயங்காலம், எதிரி ஸ்டேஷன் கேட்பது வெளியே தெரியாதபடி ஜன்னலெல்லாம் சாத்தி, கூடம் நிறைய ஆண்கள் உட்கார்ந்தார்கள். ஜெயலக்ஷ்மி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் வந்தது. “கோட்டாறு...” என்றது. பிறகு வெறும் இரைச்சல். தாணுவையர் பெட்டியின் தலையில் தட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாடிக்கு ஓடினாள். கம்பியில் ஒன்பது கஜம் புடவை சொட்டச் சொட்டத் தொங்கியது. அதன் நுனி காற்றில் பறந்துபோய் நனைந்த சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பின்னாலேயே மாமி மூச்சிரைக்க வந்தாள்.

“தொடாதேடி! நாளைக்கு துவாதசி, விரதம் முடிச்சுப் பாரணைக்கு உடுத்தணும்!”

“அப்போ நீங்களே எடுங்கோ மாமி, சீக்கிரம்!”

“இப்போ நானே தொடப்படாதே!”

ஜெயலக்ஷ்மி இரண்டு கையாலும் புடவையைப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்தாள். கீழே குரல் தெளிவாக எழுந்தது. மாமி வீலென்று அலறினாள்.

அந்த அலறலுக்குக் கூடமே எழுந்து ஓடிவந்தது. “தொட்டுட்டாளா?” “மடிப்புடவையையா?” மாடிப்படி முழுக்க ஆண்கள். அதற்குப் பிராயச்சித்தம் உண்டா இல்லையா என்று அங்கேயே தர்க்கம் ஆரம்பமாயிற்று.

“யாராவது போய்க் கேளுங்கோ! பேர் வாசிக்கறான்! வழி விடுங்கோ!” என்று ஜெயலக்ஷ்மி கத்தினாள். யாரும் அசையவில்லை. முட்டி மோதிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது அங்கே ஒரு ஜீவன் இல்லை. பச்சைக் கண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. “பெயர்கள் இத்துடன் முடிந்தன” என்றது குரல்.

“யார் யார் பேர் வந்தது?” என்று அவள் பின்னாலேயே இறங்கி வந்தவர்களைத் திரும்பிக் கேட்டாள்.

“திரும்ப ஒருநாள் வாசிப்பான், கேட்டியா” என்றார் தாணுவையர். “ஆனாலும் நீ அந்தப் புடவையை...”

“புடவையை இன்னொரு தரம் நனைச்சா மடியாயிடும் மாமா. எங்காத்துக்காரர் பேரை நான் எங்கே போய்த் தேடுவேன்? இத்தனை பேர் இருந்தேளே, ஒருத்தருக்காவது காது இருந்ததா?”

பாகீரதி மாமி புடவையை நனைக்க அழுதுகொண்டே கிணற்றடிக்குப் போனாள். வெளியே தூறல். கமிட்டி மெம்பர்கள் இரண்டு பேர் குடையும் விளக்குமாக மாமி பின்னால் ஓடினார்கள்.