வரிக்கு முந்தி வந்த மனிதர்

1

இந்தக் கதை திருகோணமலையில், அன்புவழிபுரத்துச் சலூன் ஒன்றில், பாதிச் சவரத்தில் பிறந்தது. "பாராளுமன்றத்துக்கு முந்தியே பட்ஜெட்டைத் தெரிந்துகொண்ட ஒரு மனிதர் நம்முடைய ஊருக்கு வந்து போயிருக்கிறார்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. சவரக்கத்திகூட நம்பாமல் என் நாடியைக் கீறியது. ஓய்வூதியக்காரன் சொன்னால் கதை, எழுதினால் சரித்திரம். ஆகவே எழுதுகிறேன். (அரைவாசி நடந்தது. எந்த அரைவாசி என்று கேட்கக்கூடாது. வருஷம் 1979 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியை அரசாங்க வர்த்தமானியில் தேடாதீர்கள். அது என் சொந்தத் தயாரிப்பு.)

2

முதல் தொடக்கம்: "திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை..." வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது: கலீலுர் றஹ்மான் தன் றேடியோக் கடைக் கதவை அரைவாசி இறக்கினார்.

இது பரவாயில்லை. பட்ஜெட் நாளில் எங்கள் ஊர்க் கடைகள் அப்படித்தான், திறந்தும் இராது, பூட்டியும் இராது. பின்னேரம் நிதி மந்திரி பேசி முடிக்கும்வரை எந்த முதலாளியும் சாமான் விற்கமாட்டார். இன்றைய விலைக்கு விற்றுவிட்டு நாளைய விலைக்கு வாங்க யாருக்கு மனம் வரும்? அன்று தும்முவதற்குக்கூட மந்திரியின் சம்மதம் வேண்டும்.

கலீலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருந்தார், எழும்பினார், கடலைப் பார்த்தார், கடலும் அவரைப் பார்த்து அலுத்துப்போனது. கண்ணாடி அலுமாரியில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஜப்பான் ட்றான்சிஸ்டர். மற்றவை எல்லாம் போன கிழமை, பட்ஜெட்டுக்கு ஏழு நாள் முந்தி, விலைப்பட்டுப் போய்விட்டன.

3

வாங்கிப் போனவர் குணரத்தினம். கொழும்பில் றேடியோ பொருத்தும் கம்பனியின் ஆள். (கம்பனிக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் வழக்கறிஞர்கள் வருவார்கள்.) பெட்டி, ஸ்பீக்கர், திருகாணி எல்லாம் கப்பலில் வரும், கொழும்பில் பெயரை மட்டும் ஒட்டுவார்கள். அந்த றேடியோவில் செய்தி கேட்க ஒருவர் மேசையில் ஏறி ஏரியல் கம்பியைப் பிடிக்கவேண்டும். அவர் இருமினால் செய்தி நாடகமாகிவிடும்.

"முதலாளி, உங்கட ஜப்பான் றேடியோ செற் எல்லாத்தையும் எடுக்கிறன். நீங்கள் சொல்லுறதுதான் விலை."

"கம்பனிக்காரன் நீங்க. இத வாங்கி என்ன செய்யப்போறீங்க?"

"ஒரு ஆசைதான்."

ஒரு மடையன் அகப்பட்டான் என்று கலீல், காட்சிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் விலையை ஏற்றினார். குணரத்தினம் சிரித்தபடி ஓம் என்றார். கலீல் தன் கெட்டித்தனத்தை வீட்டில் சொன்ன சத்தம் கிண்ணியாத் துறைவரை கேட்டது. அவர் மனைவி மைமூனா மட்டும், "பேரம் பேசாம வாங்கினானா? அப்ப ஏமாந்தது அவனில்ல" என்றாள்.

(குணரத்தினத்தில் எனக்கே சந்தேகம். முதலில் முறுக்கு மீசை வைத்தேன், வில்லனாகிவிட்டார். எடுத்துவிட்டேன். இப்போது நல்ல மனிதர்போல் இருக்கிறார். இதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.)

4

அரைக் கதவுக்குள் குனிந்து வந்தாள் தங்கேஸ்வரி. சல்லி என்ற மீன்பிடிக் கரையைச் சேர்ந்தவள். கையில் காசு முடிச்சு.

"நானா, அந்த றேடியோவை எடுங்கோ." (முஸ்லிம் அண்ணன்மாருக்கு எங்கள் ஊரில் நானா.)

"இண்டைக்கு ஏலாது தங்கச்சி. பேச்சு முடியட்டும்."

"ஆரின்ர பேச்சு?"

"மந்திரிட."

"அவர் என்ன, எங்கட வள்ளத்திலயோ வாறார்? போன கிழமை நீங்கள் சொன்ன விலைக்குத்தான் காசு சேர்த்துக்கொண்டு வந்தனான்."

"விலை இப்ப என்ட கையில இல்ல, புள்ள."

"போன வருஷச் சூறாவளியில என்ர மனுசன் ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு கரைக்கு வந்தவர். காத்து வருகுதெண்டு கொழும்பு றேடியோவில சொன்னவையாம். சல்லியில ஆருக்குக் கேட்டது? விடிய அவர் திரும்பவும் கடலுக்குப் போறார். இது இல்லாமல் நான் வீட்டை போகமாட்டன்."

கதிரையில் இருந்துவிட்டாள். அவளை எழுப்பக் கப்பல் இழுக்கும் வள்ளம் வந்தாலும் போதாது.

5

மந்திரியின் பேச்சைக் கேட்கக் கலீல் அந்த ஜப்பான் செற்றையே திருகினார். இப்படியாக, உலகத்தில் தன் புது விலையைத் தானே அறிவித்த முதல் றேடியோ எங்கள் ஊரில்தான் இருந்தது. உள்ளூர்க் கைத்தொழிலைக் காப்பாற்ற, பிறநாட்டு றேடியோவுக்கு வரி இரட்டிப்பு. பொருத்துவதற்கு வரும் பாகங்களுக்கு வரியே இல்லை என்றார் மந்திரி. ஒரு சொல்கூட இரையாமல் துலக்கமாக வந்தது. அவ்வளவு நல்ல றேடியோ.

கலீலின் கண்களில் ஒரு... (இந்த வசனம் வரமாட்டேன் என்கிறது.)

"போன கிழமையே அவனுக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "என்ட செற் எல்லாம் இப்ப அவன்ட ஸ்டோர்ல ரெண்டு மடங்கு விலையில நிக்குது. எனக்கு இனி விக்க அவன்ட பெட்டிதான்."

6

ஒரு முடிவு: பழைய விலைக்கே கொடுத்துவிடுகிறார். எழுதினேன். தேன் ஒழுகியது. ஆனால் அவர் கையிலிருக்கும் கடைசி நல்ல சாமான் அது; அதன் புது விலைதான் கடையை இந்த மாதம் தாங்கும்.

இன்னொன்று: புது விலை கேட்கிறார். அவள் முடிச்சை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போகிறாள். விடிய, வள்ளம் கடலில்... இதற்கு மேல் என் பேனை போகவில்லை.

"விலையைச் சொல்லுங்கோ நானா."

"வரி போட்டது நானில்ல தங்கச்சி. மந்திரி."

மந்திரியைக் கேட்டால் கைத்தொழில் என்பார். கைத்தொழிலைக் கேட்டால் குணரத்தினம் சிரிப்பார். தங்கேஸ்வரி இவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு, என்னைப் பார்த்தாள்.

"ஐயா, எழுதுறது நீங்களெல்லோ? நீங்கள் சொல்லுங்கோ."

நான் ஓய்வுபெற்றவன், பிள்ளை, என்றேன். வாசிக்கிறவரைக் கேள்.

இப்போது அவள் உங்களைப் பார்க்கிறாள். கலீலும் பார்க்கிறார். வெளியே காற்று எழும்புகிறது.

சொல்லுங்கள், என்ன விலை?