ஐந்தாவது கியரில் போன வருடங்கள்

தன் கல்யாணத்தன்று பிக்கப்காரன் மனைவியைவிட நான்கு வயது மூத்தவன். மகளின் கல்யாணத்தன்று அதே மனைவியைவிட எட்டு வயது இளையவன். இதில் சூது எதுவும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவன் வண்டிக்கு வேறு கியர் பாக்ஸ் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

வண்டி அவன் பிறப்பதற்கு முந்தியது. உருண்ட மூக்கும் புடைத்த மட்கார்டும் நடுவில் கோடு விழுந்த முன்கண்ணாடியுமாக, பார்த்தால் யாரையோ முறைப்பது போல இருக்கும். மொத்தமே மூன்று கியர். லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. சேற்றிலும் மேட்டிலும் மெதுவாக இழுப்பதற்கென்று செய்யப்பட்ட வண்டியை அவன் துறைமுகத்துக்குப் போகும் நேர்ச்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தான். மரக்கடையிலிருந்து கட்டில், பீரோ, மேசை என்று ஏற்றிக்கொண்டு விடியும்போது கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். மற்ற லாரிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் இஞ்சின் கத்தியாக வேண்டும். அது கத்தியது. பக்கத்து சீட்டில் உட்காரும் லோடுமேன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பிக்கப்காரன் வைத்துக்கொள்ளவில்லை, இஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும் என்பான். அதைக் கேட்டுக் கேட்டு வேறு எதுவும் கேட்காமல் போனது. வீட்டில் தண்ணீர் கேட்டால் தெருவுக்கே தாகம் தெரியும். சண்டை என்று நினைத்து அடுத்த வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்துவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான் என்று தெரிந்து திரும்பிப் போயிருக்கிறார். மூன்று வயது மகள் அவன் கொஞ்சினாலே அழுதாள்.

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணைச் சோதித்து, லென்சின் ஓரத்தைத் தேய்த்து, பிரேமில் பொருத்தித் தருகிற வேலை. நாள் முழுக்க அமைதியில் இருந்துவிட்டு இந்தக் கூச்சலுக்குத் திரும்புவது அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் கடைக்குப் போகிற வழியில் நேராகப் பட்டறைக்குப் போய் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் குறை சொல்ல எதுவும் இல்லை, இஞ்சின் நன்றாக இருக்கிறது, கியர்தான் போதவில்லை என்றார். ஐந்து கியர் உள்ள பாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்தது.

"அஞ்சாவதுல போட்டா இஞ்சின் கம்மியா சுத்தும்மா. வண்டி அதே வேகத்துலதான் போகும். மிச்சம் ஆகுறது இஞ்சினுக்கு லாபம்."

மழைக்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு டெலிவரி வேனின் கியர் பாக்ஸ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. வேனில் பிறந்த பாக்ஸ் பிக்கப்பின் இஞ்சினோடு சேர மறுத்தது. ஓட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. நடுவில் வைக்கக் கனமான இரும்புத் தட்டு ஒன்றை லேத்தில் கடைந்தார்கள். பல்லின் எண்ணிக்கை ஒத்துவராததால் கிளட்ச் பிளேட்டையும் வேனிலிருந்தே எடுத்தார்கள். புதிய பாக்ஸ் பழையதைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது. அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட ஷாஃப்டை வெட்டிக் குறைத்து, ஒட்டி, ஆட்டம் இல்லாமல் சுழல்கிறதா என்று பார்த்தார்கள். சேசிஸின் குறுக்குச் சட்டத்தை அறுத்துப் பின்னால் தள்ளினார்கள். லீவர் மேலே வருவதற்குத் தரைத் தகட்டில் ஓட்டை போட்டபோது, அது லோடுமேனின் முழங்காலுக்கு நேராக வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லாம் பொருந்திய பிறகும் ஸ்பீடோமீட்டர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. முள் கொஞ்சம் நடுங்கிவிட்டுப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

முதல் பயணத்தில் நேர்ச்சாலைக்கு வந்ததும் பிக்கப்காரன் ஐந்தாவதில் தள்ளினான். இஞ்சின் பெருமூச்சு விட்டு அடங்கியது. நின்றுவிட்டதோ என்று லோடுமேன் வெளியே எட்டிப் பார்த்தார். மரங்கள் பின்னால் போய்க்கொண்டுதான் இருந்தன. காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பீரோவைக் கட்டிய கயிறு காற்றில் முனகுவதும், மேசை டிராயர் ஒன்று திறந்து மூடுவதும் கேட்டன. இத்தனை வருடம் கழித்து இருவரும் பேசிக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தபோது, பேச ஒன்றுமில்லை என்பதும் தெரிந்தது. வீட்டிலோ அவன் குரல் சில மாதங்களில் இறங்கிவிட்டது. மகள் அவன் மடியில் தூங்கினாள்.

அதற்குப் பிறகு அவன் நகம் வெட்டுவது குறைந்தது. முகச்சவரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்றானது. இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து சீட்டில் லோடுமேனுக்கு முறையாக முடி கொட்டியது, முறையாகத் தொப்பை விழுந்தது. விஷயத்தைக் கண்டுபிடித்தது அவன் மனைவிதான். நாற்பது தாண்டியவர்கள் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிப்பார்கள். கை நீளம் போதாமல் போகும்போது அவள் கடைக்கு வருவார்கள். அவனுக்கு நாற்பத்து நான்கு முடிந்தும் அப்படி வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் அவனை உட்கார வைத்துச் சோதித்தாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியை முழங்கை தூரத்தில் வைத்து அவன் சரளமாகப் படித்தான். பல்பை மாற்றிப் போட்டு மறுபடி படிக்கச் சொன்னாள். அது முப்பத்தேழு வயதுக் கண். பிறகு லோடுமேனையும் கூப்பிட்டுச் சோதித்தாள். அவருக்குக் கண்ணாடி உடனடியாகத் தேவைப்பட்டது. ஆகவே, வண்டியில் உட்காருவதில் ஒன்றும் இல்லை. கிளட்சை மிதித்து ஐந்தாவதில் தள்ளியவனுக்கு மட்டும்தான் அந்த நேரம் வயதில் சேரவில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நான் கியர்தாம்மா மாத்தினேன். வயசு நம்ம வேலை இல்ல," என்றார்.

அவள் கணவனிடமும் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு குளியலறைக் கண்ணாடியில் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் சரிசமமான வயதில் இருந்த ஒரு நாள் அதற்கு முன்பே வந்து போயிருந்தது. அன்று அவன் துறைமுகத்தில் கட்டில்களை இறக்க ஆள் கிடைக்காமல் காத்திருந்தான்; அவள் கடையில் இருந்தாள்; இருவரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதோ அவள் அவனை 'நீங்க' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்கியிருந்தாள். கோபத்தில் இல்லை, தானாகவே. சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றதற்கு மகள் சிரித்த பிறகுதான் மூவருக்கும் அது உறைத்தது. அவனுக்கு அது தப்பாகவும் படவில்லை.

மகளின் கல்யாணத்தில் போட்டோகிராபர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார். பெண்ணின் தாய்க்கு ஐம்பது. பக்கத்தில் நின்றவனுக்குத் தலை முழுக்கக் கறுப்பு.

"அக்கா, உங்க தம்பிய கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அப்பா வந்ததும் இந்தப் பக்கம் நிறுத்திக்கலாம்."

அவள் மறுக்கவில்லை. பிக்கப்காரன் ஒரு அடி தள்ளி நின்றான். அப்பாவுக்காக ஒதுக்கிய இடம் காலியாகவே படத்தில் விழுந்தது. அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்படவில்லை.

அடுத்த நாள் காலை அடுப்படியில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவன் வாசற்படியில் சாய்ந்து நின்றான். இனி மூன்றாவது நான்காவதிலேயே ஓட்டிவிடுவதாகச் சொன்னான். கை கேட்காது என்றாள் அவள். அது உண்மை, நேர்ச்சாலையைக் கண்டதும் கை தானாக ஐந்தாவதுக்குப் போய்விடும் என்று அவனுக்கே தெரியும்.

"அப்ப வண்டிய வித்துடறேன்."

"வித்தா?"

"எல்லாருக்கும் ஆகுற மாதிரி எனக்கும் வயசாகும்."

"எனக்கும்தான் ஆகும். நடுவுல இருக்கிற எட்டு வருஷம் அப்படியே கெடக்கும்." அவள் குழாயை மூடினாள். "நான் போனதுக்கப்புறம் நீ தனியா இருந்து என்ன பண்ணப் போறே?"

எட்டு வருடத்தையும் ஒரேயடியாக மனதில் ஓட்டிப் பார்த்தவன் போல நின்றான். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடு," என்றாள்.

ஐம்பது வயதில் கற்றுக்கொள்வதற்கான வண்டி அல்ல அது. ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோள்களும் தேவைப்பட்டன. கிளட்சுக்கு அவள் கால் எட்டாததால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தார்கள். முதல் வாரத்தில் ஒரு தெருக்குழாய் சாய்ந்தது, மரக்கடையின் கதவு ஒன்று கழன்றது. முன்பக்கம் போவதாக நினைத்துப் பின்பக்கம் போன ஒரு தடவை, லோடுமேன் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா ஓட்டினால் தனக்குத்தான் இரட்டிப்பாக வயதேறுகிறது என்று எல்லாரிடமும் சொன்னார். ஆனாலும் மறுநாள் வந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோடை முடிவதற்குள் அவள் துறைமுகம் போய்த் திரும்ப ஆரம்பித்தாள்.

பிக்கப்காரன் அவளுடைய இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனான். முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை. உடைந்த லென்சுகளைக் கண்டு முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டார். அங்கே, பகல் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அவன் வயதாக ஆரம்பித்தான். விட்டதை எல்லாம் வசூலிப்பது போல அதில் மும்முரமாக இருந்தான். முதல் நரை வந்தபோது கடைக்கு வந்த எல்லாரிடமும் குனிந்து காட்டினான். முழங்கால் வலி வந்ததை மகளுக்குப் போன் செய்து சொன்னான். செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்க வேண்டிவந்த நாளில் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்து, வண்டி திரும்பும்வரை வாசலில் நின்றான். அவள் இறங்கியதும் சொன்னான். அவளே லென்ஸ் தேய்த்து அவனுக்குக் கண்ணாடி செய்துகொடுத்தாள்.

அவளுக்கு ஓட்டுவது பிடித்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுக்கு வழி இருந்தும் நேர்ச்சாலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வெளியூர் லோடு என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அவள் திரும்பி வருகிற முகத்தைப் பார்த்து அவனுக்குப் புரிந்தது. அந்த முகத்தோடு அவனும் பல வருடம் திரும்பியிருக்கிறான். அதனால் ஒன்றும் கேட்கவில்லை. உணவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

பல வருடங்கள் கழித்து ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மகள் துறைமுகத்துக்குப் போன் செய்தாள். இந்த வயதில் எதையும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் பாதி இறக்கிய பீரோக்களை லோடுமேனிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். வழி முழுக்க ஐந்தாவதில்தான் வந்தாள். வழி முழுக்கப் பயந்தாள். போய்ச் சேருவதற்குள் எதுவும் ஆகிவிடக்கூடாது என்று ஒவ்வொரு மைல்கல்லிடமும் சொன்னாள். ஆனால் அந்தப் பயம் முழுவதும் அவள் வயதில் சேரவில்லை. வார்டுக்குள் நுழைந்தபோது, கிளம்பிய அதே நிமிடத்தின் முகம் அவளுக்கு இருந்தது. கட்டிலில் அவன் அவளைவிடக் கிழவனாகத் தெரிந்தான். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில், விட்டுப்போனது எல்லாம் சேர்ந்து அவளுக்கு நன்றாகவே வயதானது.

அவன் பிழைத்தான். வீட்டுக்கு வந்த வாரம் தன் கண்ணாடியைக் காணாமல் அவளுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் தவறைக் கண்டுபிடித்தான். அவள் இரண்டையும் கடைக்கு எடுத்துப்போய் அளந்து பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

"போதுமா?" என்று கேட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றான் அவன். அந்த மரியாதை கேலியா இல்லையா என்று அவள் விசாரிக்கவில்லை.

வண்டியை அவர்கள் விற்கவில்லை. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் அவள் என்று ஓட்டினார்கள். யார் முறை என்பதில் எப்போதாவது வாக்குவாதம் வரும். இருவருமே மற்றவரைத்தான் டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்வார்கள். ஆக இருவருக்கும் ஒரே சீராக, கொஞ்சம் மெதுவாக வயதானது. புதிதாகக் குடிவந்தவர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அப்படியா என்று கேட்டுவிட்டு, பீரோ ஏற்ற என்ன வாடகை என்று விசாரிப்பார்கள்.

மகள் எடைமேடையில் வேலை பார்த்தாள். லாரிகளை நிறுத்தி எடை சொல்லுகிற வேலை. வருடங்கள் போகப் போக அவள் பெற்றோருக்கும் அவளுக்கும் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அம்மாவைவிட அவளுக்கு முடி அதிகமாக நரைத்தது. அம்மாவும் அப்பாவும் கவலைப்பட்டு, நீயும் வாரத்தில் சில நாள் ஓட்டு என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் வண்டியைப் பார்த்தாள், அவர்களையும் பார்த்தாள்.

"வேண்டாம்பா. வீட்டுல ஒருத்தராவது எல்லா வருஷத்தையும் முழுசா இருந்து பாக்க வேண்டாமா?"

அவர்கள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இப்போது அந்தத் தெருவில், பாலம் எந்த வருடம் கட்டினார்கள், பெரிய வெள்ளம் எப்போது வந்தது, இன்னார் இறந்து எத்தனை காலமாகிறது என்று ஏதாவது வழக்கு வந்தால், மற்ற இருவரையும் விட்டுவிட்டு மகளைத்தான் கேட்கிறார்கள். அவள் சொல்வதே சரியாக இருக்கிறது.