தொடர்புகளுக்கு: மகன்

காலையில் நான் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல்களைத்தான். கடன்காரன் சிம்மை மாற்றுவான், வீட்டை மாற்றுவான், தான் கட்டாருக்குப் போய்விட்டதாக மனைவியைச் சொல்ல வைப்பான். தாய் செத்தால் மட்டும் அறிவித்தலின் அடியில் சரியான இலக்கத்தைப் போடுவான். வெளிநாட்டுச் சொந்தங்கள் போன் எடுக்க வேண்டுமே. வங்கிகளுக்காகக் கடன் அறவிடும் எங்கள் கம்பனியின் கொழும்புக் கந்தோருக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து வன்னிக் கோப்புகள் எல்லாம் எனக்கு.

'பரந்தனைச் சேர்ந்த கமலாசனி காலமானார். அன்னார் பாலன் (கனடா), கோகுலன் ஆகியோரின் பாசமிகு தாயார்.' கீழே, தொடர்புகளுக்கு: மகன் கோகுலன். பதினொரு மாதமாக நான் தேடிய ஆள். கிரெடிட் கார்ட்டில் நாலு லட்சத்துப் பத்தாயிரம்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஓம், சொல்லுங்கோ."

"அம்மான்ர செய்தி பார்த்தன் அண்ணை. கவலையாக் கிடக்கு."

"என்ன செய்யிறது. ஆர் கதைக்கிறது?"

"பாங்க் கார்ட் விசயம்."

அவர் துண்டிக்கவில்லை. இன்றைக்கு அந்தப் போனை நிறுத்த முடியாது.

"செத்தவீடு தம்பி. நாளைக்குக் கதைப்பம்."

"நாளைக்கு இந்த நம்பர் இருக்காதே. நான் வாறன்."

கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். பந்தலில் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன். யாரோ சோடா தந்தார்கள். கோகுலனோடு படித்தவரா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஓம் என்றேன். கோகுலனின் மனைவி கௌசலா சவப்பெட்டிக்கு மேலாகப் போனைப் பிடித்திருந்தாள். திரையில் பாலன் அழுதுகொண்டிருந்தார்.

கொள்ளி வைப்பதற்காகக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த கோகுலன், என் மடியில் இருந்த கோப்பைப் பார்த்தார். அதன்மேல் வங்கியின் பெயர் இருந்தது. குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"உனக்குத் தாய் இல்லையே?"

"மல்லாவியில இருக்கிறா. கார்ட் எடுக்கேல்லை."

"இப்ப போ தம்பி."

"கனடா அண்ணை மூண்டரை லட்சம் அனுப்பிப்போட்டார், திங்கள் கட்டுறன் எண்டு போன வருசம் சொன்னனீங்கள். பதிஞ்சு கிடக்கு. கட்டேல்லை. அவரையே கேக்கட்டே? போனிலதானே நிக்கிறார்."

அவர் குசினிக் கதவைச் சாத்தினார்.

"அந்தக் காசில மாடு வாங்கினனான். மூண்டும் செத்துப்போச்சு. அடைச்சுப்போட்டன் எண்டுதான் அண்ணைக்குச் சொன்னனான். இந்தக் காணி அவற்ற பேரில. தெரிஞ்சா எங்களை இதில இருந்து எழுப்பிப்போடுவார்."

மாடுகளைப் பற்றிக் கோப்பில் எதுவும் இல்லை. நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். அவர் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து ஒரு கடித உறையோடு வந்தார். செத்தவீட்டுச் செலவுக்குப் பாலன் அனுப்பிய ஒன்றரை லட்சம். எண்ணி வாங்கி ரசீது கொடுத்தேன். அது முழுவதும் வட்டிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் போய்விடும், முதல் அப்படியே நிற்கும். அதை அவர் கேட்கவில்லை.

பாண்ட்காரரையும் மலர்ச்சாலையின் சவ வாகனத்தையும் அவரே படலையில் வைத்துத் திருப்பி அனுப்பினார். பக்கத்து வளவில் நின்ற உழவு மெசினை, அது பின்னால் இழுக்கும் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். அந்தப் பின்பெட்டிக்குள் உரம் சிந்திக் கிடந்தது. யாரோ ஒரு தார்ப்பாய்ப் படங்கை விரித்தார்கள். சனம் முணுமுணுத்தது.

"கோகுலன், வாகனம் எங்கை? பாண்ட் சத்தத்தைக் காணேல்லை?" என்றது போன்.

"அம்மாதான் வேண்டாமெண்டவா அண்ணை. என்னை மெசினிலயே கொண்டு போங்கோ, வீண் செலவு செய்யாதேங்கோ எண்டு. கடைசியாக் கதைச்சது அதுதான்."

கௌசலா அவரைப் பார்த்தாள்.

"ஓம். அம்மா அப்பிடித்தான்," என்றார் பாலன். "மிஞ்சின காசை வைச்சிரு. இன்னும் அனுப்பிறன். முப்பத்தொண்டாம் நாள் சடங்கை ஒரு குறையும் இல்லாமச் செய்."

"ஓம் அண்ணை."

மெசின் கிளம்பியது. கொள்ளிச்சட்டியோடு அதற்கு முன்னால் நடந்த கோகுலன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் சோடாவைக் குடித்து முடித்தேன். கோப்பைத் திறந்து, செத்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணி, அடுத்த சந்திப்பு என்ற கட்டத்தில் முப்பத்தோராம் நாளின் திகதியை எழுதினேன்.