உறைந்துபோன மருந்து

என் நாத்தனார் வீடு வீடாக ஏறி இறங்கிக் கூட்டி வந்த சனம் அது. தடுப்பூசி என்றாலே கதவைச் சாத்துகிற தெரு. எங்கள் அண்ணிதான் நர்ஸ், அவர் கையாலேயே போடுவார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை வாசல்வரை நின்றது. மகளை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக அவளே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மருந்துப் பெட்டியைத் திறந்தேன். குப்பிகளெல்லாம் உறைந்து கிடந்தன.

ஐஸ் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்போதுதான் பெட்டியில் அடுக்க வேண்டும். எங்கள் டிரைவர் வெயிலுக்குப் பயந்து, கல்லாக இருந்ததை அப்படியே மருந்தைச் சுற்றி அடுக்கிவிட்டார். இந்த மருந்து உறைந்தால் போச்சு. போட்டாலும் நோயைத் தடுக்காது. கை வீங்கினாலும் வீங்கும். ஒரு குப்பியை உள்ளங்கையில் வைத்து உருக்கிக் குலுக்கினேன். அடியில் திப்பிதிப்பியாகப் படிந்தது. எல்லாக் குப்பியும் அதே கதிதான்.

டிரைவரைக் கடித்துக் குதறியிருப்பேன். மனுஷன் வழியெல்லாம் பெட்டிமேல் தன் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார், என்னத்தைச் சொல்ல. ஆபீசுக்குப் போன் போட்டால், வேறு மருந்து அடுத்த வாரம்தான் என்றார்கள்.

நாத்தனார் காதில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. இன்று திருப்பி அனுப்பினால் இந்தத் தெரு இனி இந்தப் பக்கமே வராது என்றாள். பிறகு குரலை இறக்கினாள்.

"யாருக்குத் தெரியப்போகுது அண்ணி? இன்னிக்குப் போட்டு அனுப்பிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊசியைக் கையில் எடுத்தேன்.

"சரி. உன் பொண்ணு கையக் காட்டு. அவளுக்கே முதல்ல போடுறேன்."

அவள் என்னையே பார்த்தாள். மகளின் சுருட்டிவிட்ட சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை அதைப் பார்த்துவிட்டது. கூட்டி வந்தவளே தன் பிள்ளைக்குப் போடாமல் போகிறாளாம். தொண்டை கிழிய விளக்கினேன். யார் காதில் ஏறும்? வராந்தா காலியாகிவிட்டது.

அடுத்த வாரம் நல்ல மருந்தோடு அங்கேயே காத்திருந்தேன். நாத்தனார் மட்டும் மகளோடு வந்தாள். பத்துப் பேருக்கான குப்பியை ஒருத்திக்காகத் திறந்து போட்டேன். மீதி கெடுவதற்குள் யாராவது வருவார்களா என்று சாயங்காலம்வரை இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.