மாதம் போடாத பட்டியல்

ஊர்களுக்கு மார்க் போடும் வேலை இருக்கிறதே, அதைப் போல் திமிர் பிடித்த வேலை உலகத்தில் வேறு கிடையாது. லட்சக்கணக்கான பேர் பிறந்து, வளர்ந்து, சண்டை போட்டு, செத்துப்போகிற ஒரு நகரத்துக்கு ஒருத்தி மூன்று நாள் போவாள். நான்கு இடத்தில் சாப்பிடுவாள், ஒரு பாலத்தில் நடப்பாள், திரும்பி வந்து "உனக்கு ஏழாம் இடம்" என்று எழுதிவிடுவாள். மாரிட் நைகார்ட் சிகாகோவில் ஒரு பயணப் பத்திரிகையில் ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். 'பார்த்தே தீர வேண்டிய பத்துப் பெருநகரங்கள்' என்ற அவளுடைய பட்டியல் ஒவ்வொரு ஜூனிலும் வரும். ஜனங்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்துக் காரில் வைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பட்டியலில் சில விஷயங்கள் எழுதாத சட்டம். பத்திரிகை சிகாகோவில் இருப்பதால் சிகாகோ மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்காது. இது ஆபீஸ் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். இன்னொரு வழக்கம்தான் கொஞ்சம் விவகாரமானது. ஜூன் இதழ் ஏப்ரலில் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் ஊர்களை எல்லாம் ஜனவரி, பிப்ரவரியிலேயே போய்ப் பார்த்துவிடுவார்கள். ஆனால் எந்த மாதம் போனோம் என்று ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். எழுதினால் சரக்கு பழசாகத் தெரியுமாம்.

அந்த வருஷம் மாரிட் பாலைவன ஊரான ஃபீனிக்ஸுக்குப் போனது ஜனவரிக் கடைசியில். சிகாகோவில் மூக்கு விறைத்து, காது மரத்துப்போய் விமானம் ஏறினவள், அங்கே இறங்கி வெயிலைப் பார்த்ததும் மயங்கிவிட்டாள். எட்டாம் இடத்தில் இருந்த ஊரை ஒரே தூக்காக ஐந்தாம் இடத்துக்கு ஏற்றினாள். ஊருக்கு நடுவே எழும்பி நிற்கும் ஒரு மொட்டை மலையில் ஒரு நாள் மத்தியானம் தனியாக ஏறி, உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுவிட்டு வந்தாள். திரும்பி வந்து எழுதினாள்: 'காலைக் கூட்டத்தை மறந்துவிடுங்கள். நண்பகலில் ஏறுங்கள். மலை முழுக்க உங்களுக்கே.'

ஏப்ரலில் பிழை திருத்தும் டெஸ்மண்ட் அந்த வரியின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு வந்தான்.

"மாரிட், இதுக்கு மட்டும் மாசம் போட்டுடலாமா? மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"மாசம் போட்டா மத்த பதினோரு மாசமும் யாரு இதைப் படிப்பா, உங்க அத்தையா?"

"எங்க அத்தை படிக்க மாட்டா. மலை ஏறுற ஜாதியில்லை அவ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டெஸ்மண்ட் பென்சில் குறியை அழித்துவிட்டான்.

இதழ் வெளிவந்த இரண்டாம் வாரம் மாரிட்டின் அப்பா ஆர்வில், வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் டுலூத்திலிருந்து தன் பழைய லாரியில் கிளம்பினார். பின்பக்கம் திறந்த சின்ன லாரி அது. முப்பத்தோரு வருஷம் அந்த ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். வயது எழுபத்திரண்டு, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். மனைவி போன பிறகு மகளோடு அவருக்குப் பேச்சே அற்றுப்போயிருந்தது. சண்டை ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள், அவ்வளவுதான். திடீரென்று ஒரு நாள் போன் செய்து, "உன் பட்டியலைப் பத்தாவதுல இருந்து ஒண்ணாவது வரைக்கும் பார்க்கப் போறேன். சரியா மார்க் போட்டிருக்கியான்னு செக் பண்ண ஒரு ஆள் வேணாமா?" என்றார். மாரிட்டுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. "தாராளமா போங்கப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு போன் வந்தது.

"போஸ்டனுக்குப் பத்தாவது எடமா? ஏண்டி, உனக்கு நாக்குல ருசி இருக்கா இல்லையா? அந்த சிப்பி சூப்புக்கே மூணு எடம் ஏத்தலாமே."

"ஃபிலடெல்ஃபியாவுல ஒரு சாண்ட்விச் தின்னேன். உங்கம்மா இருந்திருந்தா நேரா டாக்டர்கிட்ட போய் போட்டுக் கொடுத்திருப்பா."

நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த போனில், "பாட்டெல்லாம் பிரமாதம்தான். ஆனா இதமான காத்துன்னு எழுதியிருக்கியே, அது எந்தத் தெருவுலடி வீசுது? சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வருது," என்றார். மாரிட் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாளே தவிர, கொஞ்சம் நின்று யோசித்தாளா? இல்லை. அப்பா தன்னோடு பேசுகிறார் என்ற சந்தோஷத்தில் அவளுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

ஜூலை நடுவில் ஒரு புதன்கிழமை, மதியம் மூன்றே காலுக்கு மீட்டிங் முடிந்து வெளியே வந்தவள் போனைப் பார்த்தாள். அப்பா குரல் பதிவு செய்து வைத்திருந்தார்.

"மாரிட், அப்பாதான். உன் அஞ்சாம் நம்பர் மலைக்குக் கீழ நிக்கிறேன். சரியா மத்தியானம், நீ சொன்ன மாதிரியே. நீ சொன்னது நிஜம்தான், காலையில பார்த்த கூட்டம் இப்ப இல்லை. ஒரு தண்ணி பாட்டில் வெச்சிருக்கேன். மேல போயிட்டுக் கூப்பிடறேன்."

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கை தானாகவே ஃபீனிக்ஸ் வெயிலைத் தேடிப் பார்த்தது. சிகாகோவுக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கிய ஊர், அங்கே மணி ஒன்றே கால். நூற்றுப் பதினைந்து டிகிரி.

அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஆறாவது தடவை கூப்பிடும்போது வேறு யாருக்கோ போய்விட்டது. ஜூலை மாதத்தில்கூட ஏரிக் காற்றுக்குக் கம்பளிச் சட்டை போடுகிற ஊர்க்காரர். வாழ்நாளெல்லாம் பனியோடு மல்லுக்கட்டியவர். வெயில் எப்படிக் கொல்லும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? மகள்தான் சொல்லியிருக்க வேண்டும். மகள் சொன்னதோ, நண்பகலில் ஏறுங்கள்.

டெஸ்மண்ட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "என்ன ஆச்சு?"

"அப்பா மலையில இருக்கார்."

எந்த மலை என்று அவன் கேட்கவில்லை. அவன் முகமும் வெளுத்துப்போனது.

அவசர எண்ணை அழுத்தினால் சிகாகோக்காரர்கள்தான் எடுப்பார்கள். டெஸ்மண்ட்தான் ஃபீனிக்ஸ் தீயணைப்புத் துறையின் எண்ணைத் தேடிக் கொடுத்தான். அங்கே எடுத்த பெண்ணின் குரல் களைத்துப்போயிருந்தது.

"சொல்லுங்க மேடம்."

"எங்கப்பா... எழுபத்திரண்டு வயசு, ஹார்ட் பேஷண்ட். ஊர் நடுவுல இருக்கிற மலையில ஏறப் போயிருக்கார். போன் எடுக்கல."

"எப்ப ஏறினார்?"

"மத்தியானம்."

அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டாள். வெயிலுக்காகப் பாதையை மூடி வைக்கும் வழக்கமெல்லாம் இன்னும் வராத காலம் அது. "இந்த வருஷம் என்ன கிரகமோ தெரியல மேடம். இங்க பொறந்தவங்க எவனும் இந்த மாசத்துல ஒன்பது மணிக்கு மேல ஏற மாட்டான். வெளியூர்க்காரங்கதான், கையில ஒரு தாளை வெச்சுக்கிட்டு உச்சி வெயில்ல வந்து நிக்கிறாங்க. எவன் எழுதினானோ, நல்லா இருக்கட்டும்."

மாரிட் அப்பாவின் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

"அந்த மலையில இருந்து பத்து நிமிஷம் முன்னாடியே ஒரு கால் வந்திருக்கு," என்றாள் அந்தப் பெண். "முக்கால்வாசி தூரத்துல ஒரு ஆள் விழுந்து கிடக்காராம். ஆளுங்க மேல போயிட்டாங்க. ஹெலிகாப்டரும் கிளம்பிடுச்சு."

"ஆம்பளையா?"

"ஆம்பளைதான்."

"வயசு? தலைமுடி? நரைச்சிருக்கா?"

"அதெல்லாம் இன்னும் தெரியாது மேடம். உங்க நம்பர் கொடுங்க, தெரிஞ்சதும் கூப்பிடறேன்."

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆயிரத்து நானூறு மைலுக்கு அப்பால், குளிரூட்டின அறையில், கார்ப்பெட் தரையில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டெஸ்மண்ட் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கொண்டுவந்து வைத்த தண்ணீரை அவள் தள்ளி வைத்தாள். ஒரு பாட்டில்! அந்த மலைக்கு ஒரு பாட்டில்! மேலே பாதி தூரத்துக்கு அப்புறம் படி இல்லை, நிழல் இல்லை, பாறைதான். ஜனவரியிலேயே கை வைத்தால் இளஞ்சூடு இருந்தது. அந்தச் சூட்டைக்கூட அவள் ரசித்து எழுதியிருந்தாள். பாறையில் அப்பா குப்புற விழுந்து கிடப்பது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"நான் அழிச்சிருக்கக் கூடாது," என்றான் டெஸ்மண்ட். "அந்தப் பென்சில் குறியை."

"சும்மா இரு டெஸ்மண்ட்."

அவள் கடவுளை நம்புகிறவள் இல்லை. அம்மா செத்தபோதுகூட எதையும் கேட்கவில்லை. இப்போது கேட்டாள். அந்த ஆள் எங்கப்பாவாக இருக்கக் கூடாது. வேறு யாராவதாக இருக்கட்டும். யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவர் மட்டும் வேண்டாம். இதை வெட்கமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கிற நேரத்தில் அந்த 'யாராவதுக்கு' முகம் இருக்குமா, வீடு இருக்குமா என்று யார்தான் நினைத்துப் பார்ப்பார்கள்?

நாற்பது நிமிஷம் போனது. போன் அடித்தது. அப்பாவின் எண்.

எடுக்கப் பயமாக இருந்தது. அந்தப் போனிலிருந்து அப்பாதான் பேசுவார் என்று என்ன நிச்சயம்? டெஸ்மண்ட் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"என்னடி இது, இருபத்தாறு தடவை கூப்பிட்டிருக்கே? ஆபீஸ்ல வேலை ஒண்ணும் இல்லையா?"

போன உயிர் திரும்பி வந்தது. மாரிட் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க இருக்கீங்கப்பா? நல்லா இருக்கீங்களா? மேல போனீங்களா?"

"நூறு அடி போனேன். கருங்கல்லுல கையை வெச்சேன், தோல் உரிஞ்சுடுச்சு. எனக்கென்ன பைத்தியமா? அப்படியே திரும்பிட்டேன். போனை லாரியில விட்டுட்டு இங்க பாதை வாசல்ல நின்னுட்டு இருந்தேன்."

"இந்த வெயில்லயா? எதுக்குப்பா?"

"வர்றவங்களை நிறுத்தத்தான். ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துகிட்டே இருக்காங்க மாரிட். ஒஹாயோவுல இருந்து ஒரு குடும்பம், சின்னக் குழந்தையோட. எல்லார் கையிலயும் உன் பக்கம். நான் கையை விரிச்சுகிட்டு நின்னு, போகாதீங்கன்னு கத்தினேன். யாருய்யா நீன்னு கேட்டாங்க. இதை எழுதினவளோட அப்பன்னு சொன்னேன். அதுக்கப்புறம் திரும்பிப் போயிட்டாங்க. ஆனா..."

"ஆனா என்னப்பா?"

"நான் நிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் மேல போயிட்டாங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க. நான் கீழே இறங்குறப்போ எதிர்ல வந்தாங்க. சொன்னேன், கேக்கல. அந்தப் பையன் சிரிச்சுகிட்டே பக்கத்தைக் காட்டினான். இதுல போட்டிருக்கு தாத்தான்னான்."

போனுக்குள் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அப்பா அதற்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. மாரிட்டின் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

"இறக்கிட்டாங்க," என்றார் அப்பா. "ஸ்ட்ரெச்சர்ல. மேலெல்லாம் ஐஸ் கொட்டுறாங்க."

"முகத்தை மூடியிருக்காங்களாப்பா?"

ஹெலிகாப்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"அப்பா, முகத்தை மூடியிருக்காங்களா?"

"இல்லை, மூடல. கை அசையுது. ஆனா ஏதேதோ உளறுறான். கண்ணு யாரையும் பார்க்கல. வண்டியில ஏத்துறாங்க." ஆம்புலன்ஸ் கதவை அறைந்து சாத்தினார்கள். "அந்தப் பொண்ணை அடுத்த வண்டியில அனுப்பறாங்களாம். என்கிட்டதான் வர்றா. மாரிட், நான்... நீ யாருன்னு அவளுக்குத் தெரியும். எதிர்ல வந்தப்பவே சொல்லிட்டேன். உன்கிட்ட பேசணும்ங்கறா. கொடுக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் போன் கை மாறிவிட்டது.

வறண்டு கிழிந்த குரல் ஒன்று கேட்டது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"என் பேர் என்னன்னு கேட்டா அவனுக்குத் தெரியல. என்னைப் பார்த்து யாரு நீங்கறான்."

மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல மாரிட்டுக்கே கூசியது.

"நீங்க நிஜமாவே இதுல ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இல்லை, சும்மா எழுதினீங்களா?"

"ஏறினேன். மத்தியானம்தான் ஏறினேன்." மாரிட் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஜனவரியில."

அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தமும், யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. அந்தப் பெண் திட்டவில்லை, கத்தவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அதை எழுதியிருக்கலாமே. ஒரு வார்த்தைதானே?"