பக்கத்து வீட்டு இந்தியப் பெண்

கோழிக்குப் பெயர் இருந்தது. ஜாகோ. வசனத் தாளில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டுத் தோட்டப்புறத்தில் குடியேறும் குடும்பத்தைப் பற்றிய மலாய் நகைச்சுவைத் தொடர் அது. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும், மளிகைக்கடைச் சீனருக்கும், அவருடைய ஓட்டை லாரிக்குங்கூடப் பெயர் இருந்தது. தினேஸ்வரிக்கு மட்டும் 'இந்தியப் பெண், பக்கத்து வீடு'.

சிலிபின் பேரங்காடியில் கல்லாவில் நிற்பவள் அவள். இத்தனை வருடம் மண்டபங்களில் நாடகம் போட்டவளுக்கு இதுதான் முதல் தொலைக்காட்சி வாய்ப்பு. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் பார்க்கச் சொல்லியிருந்தாள். முகம் வரும், சிரிப்பார்கள். பிறகு யாரென்று சொல்வார்கள்? அந்த நினைப்பு விடியற்காலையிலிருந்தே அவளை விடவில்லை. வாயைத் திறந்தால் வேறொருத்தியைக் கூட்டிவந்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனாலும் உதவி இயக்குநர் கோகிலனிடம் போய் நின்றாள்.

"தம்பி, எனக்கும் ஒரு பேரு வைங்களேன்."

"ரெண்டு சீன் லா அக்கா. ஒரு இந்தியர் கட்டாயம் இருக்கணும்னு மேல சொல்லிட்டாங்க, அதான் உங்கள வச்சிருக்கோம்."

"கோழிக்கே வச்சிருக்கீங்க."

கோகிலன் சிரித்துவிட்டான். "சரி, நீங்களே ஒன்னு யோசிங்க. கூப்பிட லேசா இருக்கணும். நான் டைரக்டர்ட்ட கேக்குறேன்."

சிலிம் ரிவர் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மிச்சமிருந்த, தொழிலாளர்களின் பழைய லயன் வீடுகளில்தான் படப்பிடிப்பு. ஆட்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கூரைகள் இறங்கியிருந்தன. ஒரு வீட்டுக்கு மட்டும் மஞ்சள் சாயம் அடித்து, வாசலில் பிளாஸ்டிக் மாவிலை கட்டியிருந்தார்கள். அதுதான் அவளுடைய வீடு. உள்ளே எட்டிப் பார்த்தபோது, சாயம் வாசலோடு நின்றிருந்தது. அதற்குப் பின்னால் சுவர் கருகருவென்று ஈரமாக இருந்தது.

காட்சிக்கு முன்னால், அந்த இடத்தின் வெறும் அமைதியைப் பதிவுசெய்ய வேண்டும் என்றான் ஒலிப்பதிவாளன் ரூபன். பிறகு வசனங்களுக்கு அடியில் அதைப் போடுவார்களாம். எல்லோரும் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றார்கள். பனி இன்னும் விலகவில்லை. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

ரூபன் கையைத் தூக்கினான். "யாரோ பேசுறாங்க. திரும்ப எடுக்கலாம்."

யாரும் பேசவில்லை. மறுபடி நின்றார்கள். இந்த முறை அவன் பக்கத்திலிருந்த தினேஸ்வரியின் காதில் ஹெட்போனை வைத்தான்.

முதலில் காற்று. அதற்கு உள்ளே, வெகுதூரத்தில், ஓர் ஆண்குரல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில். உடையப்பன். வந்தேங்க. ராமையா. வந்தேங்க. பெரட்டு என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கர், கிராணி, பெயர் கூப்பிடுவார். பதில் சொல்லாதவர்களுக்கு அன்று வேலையில்லை. அடுத்த பெயருக்குப் பதில் வரவில்லை. இருளாயி. குரல் காத்திருந்தது. இருளாயி. வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது அவளுக்குக் கேட்டது.

அவள் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். ரூபன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"பேரு யோசிச்சீங்களா அக்கா?" கோகிலன் வந்தான்.

"இருளாயி."

"ஐயோ, பழைய பேரா இருக்கே. சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டும். அந்தப் பேருதான் வேணும்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆளில்லாத பெயர், பெயரில்லாத ஆள். எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றியது. இயக்குநர் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கோகிலன் தாளில் எழுதினான்.

அந்தக் குடும்பத்து ஆளாக நடிக்கும் ஹைரி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுப் படியில் நின்று கூப்பிடுவார். அவள் உள்ளிருந்து பதில் கொடுத்துக்கொண்டே ஓடிவந்து, சேற்றில் வழுக்க வேண்டும். அவள் வாசல் நிலைக்கு உட்பக்கம் நின்றுகொண்டாள். முதுகில் ஈரச் சுவரின் குளிர் ஏறியது.

"இருளாயி!"

வசனத்துக்கு வாயைத் திறந்தாள்.

"வந்தேங்க."

அவளுடைய குரல் இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓடிவந்து களைத்த, தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கிற குரல்.

வெளியே யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு," என்று இயக்குநர் மலாயில் முணுமுணுப்பது கேட்டது. "வெளிய வரச் சொல்லு."

தினேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் குறுகல், அதை அவள்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். பின்கழுத்தில் ஒரு மூச்சு, அவசரமாக, ஆனால் தள்ளாமல், வழிக்குக் காத்துக்கொண்டு நின்றது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஓடினால் இந்தக் காட்சி அவளுடையது, பெயரும் அவளுடையது.

அவள் சுவரோடு ஒட்டி, ஓர் ஆள் போகுமளவு ஒதுங்கினாள்.

பிளாஸ்டிக் மாவிலை ஆடியது. எதிர்ப்படியில் ஹைரி, வசனத்தில் இருந்தபடியே வாயெல்லாம் பல்லாக நின்றார். அவருடைய கண்கள் வாசலிலிருந்து இறங்கி, சேற்றைக் கடந்து, செம்பனைப் பக்கம் மெல்ல நகர்ந்தன. சிரிப்பு மட்டும் முகத்திலேயே தங்கியிருந்தது.